மல்லாட்டைக் கொல்லைக்குச் சவுக்கு வந்த வழி

நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் கொட்டி வைத்த நெல் மழையில் நனைந்து முளைவிட்டுக் கிடக்கும் படம் ஒன்று ஆண்டுதோறும் நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. கூடவே அறிவுரையும் வரும். ஏன் எல்லோரும் நெல்லையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்? கம்பு போடலாம், கேழ்வரகு போடலாம், எண்ணெய் வித்து போடலாம், விவசாயி கொஞ்சம் மாற்றி யோசித்தால் என்ன? இப்படிக் கேட்பவர்களில் நகரத்து நடுத்தர வர்க்கத்தார் இருக்கிறார்கள், இயற்கை வேளாண்மை அன்பர்கள் இருக்கிறார்கள், நம் தோழர்களும் இருக்கிறார்கள்.

இந்த அறிவுரைக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. என்ன விதைப்பது என்பதை விவசாயி தன் வரப்பில் நின்று தானே முடிவு செய்கிறார் என்பது ஒன்று. விவசாயி என்றால் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் என்பது இன்னொன்று. இரண்டும் பொய். இரண்டாவது பொய்யைப் பற்றி நம் பக்கத்திலேயே யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில் பிறந்தவன். நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். என் சிறு வயதில் ஊரைச் சுற்றியிருந்த புஞ்சை முழுக்க மல்லாட்டைக் கொல்லைதான். இன்று அதே நிலத்தில் போர் போட்ட இடமெல்லாம் நெல், போர் இல்லாத இடமெல்லாம் சவுக்கு அல்லது தைலமரம். மல்லாட்டை ஓரங்களில் மிச்சமிருக்கிறது. இது எங்கள் ஊரின் கதை மட்டும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்த நிலக்கடலைப் பரப்பில் இன்று பாதிகூடக் கிடையாது. இவ்வளவு பெரிய மாற்றத்தை யார் யோசித்து முடிவு செய்தார்கள்?

1986இல் ஒன்றிய அரசு எண்ணெய் வித்துகளுக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. விதை, விலை, கொள்முதல், இறக்குமதிக் கட்டுப்பாடு என்று பல முனைகளில் வேலை நடந்தது. சில ஆண்டுகளிலேயே நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே கிடைத்தது. பிறகு தாராளமயம் வந்தது. 1994இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போது 65 சதவீதமாக இருந்த வரி, 1998க்குள் சுமார் 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பெரும் தோட்டங்களில் விளையும் எண்ணெயோடு, மழையை நம்பி இரண்டு ஏக்கர் மல்லாட்டை போடுபவர் போட்டி போட வேண்டும் என்றானது. இன்று இந்தியா பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. நம் ரேஷன் கடையிலும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில்தான் கொடுக்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டுத் தாளிப்பும் அதில்தான் நடந்தது. ஆனால் மாநில அரசே பெரிய அளவில் எண்ணெய் வாங்கும்போது அதில் ஒரு பங்கை இங்கே விளையும் கடலையிலிருந்து வாங்கியிருந்தால், எத்தனை கொல்லைகள் தப்பித்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அண்மை நிகழ்வு ஒன்றைப் பாருங்கள். 2025 மே 28 அன்று ஒன்றிய அமைச்சரவை நிலக்கடலைக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையைக் குவிண்டாலுக்கு 480 ரூபாய் உயர்த்தி 7,263 ரூபாய் ஆக்கியது. எண்ணெய் வித்துகளை ஊக்குவிக்கிறோம் என்றார்கள். சரியாக இரண்டே நாளில், மே 30 அன்று, கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மானாவாரி விதைப்புக்கு விதையை உடைத்து வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும் நேரம் அது. ஒரு கையால் விலையை எழுதிக் காட்டிவிட்டு இன்னொரு கையால் அழித்தார்கள்.

அந்த 7,263 ரூபாயும் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும் எண்தான். ஆதரவு விலை இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. அந்த விலை கொடுத்து வாங்க ஆள் நிற்பது நெல்லுக்கும் கோதுமைக்கும், இன்னும் சிலவற்றுக்கு அங்கங்கே. அரசு அமைப்புகளிடம் ஆதரவு விலைக்கு விற்றவர்கள் நாட்டின் விவசாயிகளில் 6 சதவீதம் பேர்தான் என்று சாந்தகுமார் குழு 2015இல் சொன்னது. மல்லாட்டையை எடுத்துக்கொண்டு நாங்கள் போவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு. எங்கள் பக்கம் அதைக் கமிட்டி என்பார்கள். 80 கிலோ மூட்டைக்கு அன்றைக்கு வந்திருக்கும் வியாபாரிகள் என்ன எழுதுகிறார்களோ அதுதான் விலை. காலையில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. திரும்ப எடுத்து வர வண்டிக் கூலி யார் கொடுப்பது? விற்றுவிட்டுத்தான் வருவார்கள்.

நெல்லுக்கு இந்தத் தொல்லை குறைவு. 2025 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று திருப்பி அனுப்புவதும், நாள்கணக்கில் காக்க வைப்பதும், மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வாங்குவதாக எழும் புகார்களும் உண்டுதான். ஆனாலும் அங்கே எடை போட்டால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும், விலை முன்கூட்டியே தெரியும். மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கும். இத்தனையும் இருக்கும்போது நெல் போடாமல் கம்பு போடு என்று சொல்வது அறிவுரை இல்லை, கேலி.

கேழ்வரகே இதற்குச் சான்று. ஆதரவு விலையை மட்டும் பார்த்தால் கேழ்வரகுதான் உசத்தி. 2025-26க்கு ஒன்றிய அரசு நெல்லுக்கு அறிவித்தது 2,369, கேழ்வரகுக்கு 4,886. ஆனாலும் யாரும் ஓடிப்போய் விதைக்கவில்லை, ஏனென்றால் வாங்க ஆள் இல்லை, ஏக்கருக்கு விளைச்சலும் நெல் அளவுக்கு வராது. அரசே கொள்முதல் செய்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் தொடங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு அப்போதுதான் கண்முன்னே ஒரு வாங்குபவர் வந்தார். வாங்க ஆள் நின்றால் பயிர் நிற்கும். (கூழ் குடிப்பவர்கள் என்று சேரியைப் பழித்த வாய்கள் இப்போது கூழைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி விற்கின்றன. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.)

இதுவரை சொன்னதை எந்த விவசாயச் சங்க மேடையிலும் கேட்கலாம். அந்த மேடையில் பேசப்படாதது இனிமேல்தான் வருகிறது.

இலவச மின்சாரம் யாருக்கு? கிணறோ போரோ மின் இணைப்போ இருப்பவருக்கு. பயிர்க்கடன் யாருக்கு? சிட்டா அடங்கல் காட்டுபவருக்கு. கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானாலும் அதே சிட்டா அடங்கல்தான். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டம் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களின் குடும்பத்துக்கு. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி ஆக வேண்டுமானால் முதலில் அந்தக் கடன் கிடைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கதவிலும் ஒரே சாவி, பட்டா. அந்தப் பட்டா எந்தத் தெருவில் இருக்கிறது, எந்தத் தெருவில் இல்லை என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் காலனியில் சிலர் ஊர்க்காரர்களின் நிலத்தைக் குத்தகைக்கும் வாரத்துக்கும் எடுத்துப் பயிர் செய்கிறார்கள். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். 1969இலேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்யக் கேட்டால் மறுவருடம் நிலம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்பதில்லை. அடங்கலில் நிலக்காரர் பெயர். பயிர் கருகினால் நிவாரணம் அவர் கணக்குக்குப் போகும். நெல் விளைந்தால் குத்தகைதாரர் கொள்முதல் நிலையத்தில் போட முடியாது, லாரியோடு வரும் வியாபாரியிடம் அறிவித்த விலைக்கும் குறைவாகத்தான் கொடுப்பார். நிலக்காரர் பெருந்தன்மையாகத் தன் சிட்டாவைக் கொடுத்தால் போடலாம், பணம் அவர் கணக்கில் விழும், பிறகு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "கேட்டு வாங்குவது" என்றால் என்ன என்பது ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்து நடந்த தலைமுறைக்குத் தெரியும். ஒரே வயல், ஒரே நெல், ஒரே ஆதரவு விலை. ஆனால் பயிர் செய்பவர் எந்தச் சாதி என்பதைப் பொறுத்து கைக்கு வரும் விலை வேறு.

குத்தகைக்குக்கூட வழியில்லாதவர்கள்தான் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம், விவசாயக் கூலித் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல். என்ன பயிர் வைப்பது என்ற பேச்சில் இந்த 96 லட்சம் பேரை யாராவது கேட்டதுண்டா? அவர்கள் எத்தனை நாள் வேலை செய்வார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்பதை அந்த முடிவுதான் தீர்மானிக்கிறது.

மல்லாட்டை என்றால் எங்கள் அம்மாக்களுக்கு விதை உடைக்கும் வேலை, விதைப்பு, இரண்டு களை, பிடுங்குவது, காய் ஆய்வது என்று மாதக்கணக்கில் வேலை. ஆய்ந்த காயில் ஒரு பங்கைக் கூலியாக அளந்து போடுவார்கள். அளக்கும் கை எப்போதும் நிலக்காரர் கை. மரக்காலின் தலையைத் தட்டி அளப்பார்கள், வாய் திறந்து கேட்டால் அடுத்த நாள் கூப்பிட மாட்டார்கள். அறுவடை முடிந்த கொல்லையில் மண்ணுக்குள் தங்கிய காயைக் கொத்திப் பொறுக்க நாங்கள் பிள்ளைகளாகப் போவோம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு. அந்தக் காலம் பொற்காலம் என்று கதை சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டில் இரண்டு மூட்டை காய் இருந்தது, கொஞ்சம் எண்ணெய் ஆட்டினோம். அந்தக் கொல்லையில் சவுக்கு நட்டதும் அத்தனை நாள் வேலையும் போய்விட்டது. நட ஒரு வாரம், பிறகு மூன்று நான்கு ஆண்டுக்கு யாரும் தேவையில்லை. கடைசியில் வெட்ட ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து ஆள் கொண்டு வருவார்.

ஏன் சவுக்கு என்று நிலக்காரரைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார். கடலைக்கு விலை இல்லை என்பது முதலாவது, அது உண்மை. ஆள் கிடைக்கவில்லை, நூறு நாள் வேலை வந்து சனங்களைக் கெடுத்துவிட்டது என்பது இரண்டாவது. ஆள் கிடைக்கவில்லை என்பதற்கு எங்கள் தெருவில் அர்த்தம் வேறு. பழைய கூலிக்கு, பழைய மாதிரி பெயர் சொல்லி அதட்டினால் வந்து நிற்கும் ஆள் கிடைக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் கூலியைப் பெரிதாக உயர்த்திவிடவில்லை. வேலைக்கு வர முடியாது என்று சொல்லும் வாய்ப்பைக் கொடுத்தது. ஒரு தலித் பெண் ஊர்க்காரரைப் பார்த்து "இன்னைக்கு ஏரி வேலைக்குப் போறேன்" என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை. கூலியை உயர்த்துவதைவிடக் கொல்லையை மரத்துக்கு விடுவது மேல் என்று முடிவெடுத்தவர்களை எனக்கே தெரியும். அந்த முடிவில் சந்தையும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது, இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது.

அந்தப் பொறுமல் இப்போது சட்டமாகவே ஆகிவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 100 நாளை 125 நாளாக்கியதை எல்லா நாளிதழ்களும் எழுதின. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை இந்த வேலையே நடக்காமல் நிறுத்தி வைக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். கூலி கேட்டுப் பேசக் கூடிய அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் பெண்களின் கையைக் கட்டுகிறார்கள். விவசாயிகளுக்காகக் கொண்டு வந்தது என்று சொல்லும்போது எந்த விவசாயி என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

சவுக்கையும் தைலமரத்தையும் வெட்டுபவர்கள் யார் என்பதையும் பார்த்துவிடுவோம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். பெரும்பாலும் இருளர்கள், சிறு தொகை முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடப்பட்டவர்கள். முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழும் படம் அப்போது எல்லா இடத்திலும் வந்தது. சந்தை மாறியது, பயிர் மாறியது, புதிய பயிருக்கு ஏற்ற அடிமைத்தனத்தையும் சாதி ஏற்பாடு செய்துகொண்டது.

இது புதிதும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர், நாட்டிலேயே முதன்முதலாகத் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. உரம், கடன், பிறகு ஏடிடீ 27 என்ற புதிய குறுகிய கால நெல் ரகம் என்று எல்லாம் வந்தன. விளைச்சல் பெருகியது, அதில் பங்கு கேட்டு கீழத்தஞ்சையின் கூலித் தொழிலாளர்கள் செங்கொடியின் கீழ் திரண்டார்கள். நிலச்சுவான்தார்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். அதற்கு என்ன பெயர் தெரியுமா? நெல் உற்பத்தியாளர் சங்கம். நடவு நட்டவர்களும் அறுத்தவர்களும் கூலிகள், நெல்லை விளைவித்தவர்கள் மிராசுதார்கள்! 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டது அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தில். வேளாண் கொள்கையைப் பற்றிப் பேசும்போது வெண்மணியை ஏன் இழுக்கிறாய் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வெண்மணியை விட்டுவிட்டுப் பசுமைப் புரட்சியைப் பேசுவதுதான் எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி 1918இல் எழுதிய கட்டுரையை நம் இளைஞர்கள் அதிகம் படிப்பதில்லை. துண்டு நிலங்களை ஒன்று சேர்த்துவிட்டால் வேளாண்மை சரியாகிவிடும் என்று அன்றைக்குப் பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிலம் சிறியதா பெரியதா என்பது ஏக்கர் கணக்கில் இல்லை, அதைப் பயிர் செய்பவர் கையில் இருக்கும் முதலும் கருவிகளும் எவ்வளவு என்பதில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். தமிழ்நாட்டில் இன்று சராசரி நிலவுடைமை 0.75 எக்டேர். போரும் மோட்டாரும் கடனும் உள்ள இரண்டு ஏக்கர் ஒரு நிலம், எதுவும் இல்லாத இரண்டு ஏக்கர் வேறு நிலம். 1947இல் "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" எழுதியபோது அவர் இன்னும் தூரம் போனார். நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பார்க்காமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விட்டு, கூட்டுப் பண்ணையாக நடத்த வேண்டும், முதலை அரசு போட வேண்டும் என்றார். துண்டு நிலத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதால் தீண்டத்தகாதவர்களுக்கு விடிவு வராது என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

அப்படி நடந்தால் என்ன பயிர் வைப்பார்கள்? ஒரு சிறு முன்மாதிரி பஞ்சாபில் இருக்கிறது. 2020-21இல் டெல்லி எல்லையில் பஞ்சாப் விவசாயிகள் நடத்திய போராட்டத்தை நாம் ஆதரித்தோம், அது சரிதான், ஆதரவு விலைக்குச் சட்ட உறுதி வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கை இன்றும் நியாயமானது. அதே 2020 ஜூனில் ஊரடங்கால் வெளிமாநிலத் தொழிலாளர்கள் வராதபோது, நடவுக் கூலிக்கு உச்சவரம்பு வைத்து தீர்மானம் போட்ட ஊராட்சிகளும் பஞ்சாபில்தான் இருந்தன. மக்கள்தொகையில் மூன்றில் ஒருவர் தலித்தாக இருக்கும் மாநிலத்தில் அவர்கள் கையில் இருக்கும் நிலம் மிகச் சொற்பம். ஊராட்சிப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தலித்துகளுக்குக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்று அங்கே சட்டம் உண்டு. ஏலத்தில் தலித் ஒருவரைப் பினாமியாக நிறுத்தி நிலக்காரர்களே எடுத்துவிடுவார்கள். சங்ரூர் மாவட்டத்தில் தலித்துகள் இதை எதிர்த்துத் திரண்டார்கள். பலத் கலான் என்ற ஊரில் 2014இல் போராடி நிலத்தைக் கைப்பற்றிக் கூட்டாகப் பயிர் செய்தார்கள். நெல்லும் கோதுமையும் போட்டார்கள், அதற்கு வாங்க ஆள் இருக்கிறது. அதோடு ஒரு பகுதியில் மாட்டுத் தீவனம் போட்டார்கள். புல் அறுக்க ஜாட் நிலக்காரர்களின் வயலுக்குப் போய் வசையும் சீண்டலும் வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தத் தீவனம்தான் முதல் தேவை. எந்த வேளாண் பல்கலைக்கழகமும் இந்தப் பயிரைப் பரிந்துரைத்திருக்காது.

நம்மிடமும் நிலம் இருந்தது. 1892க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதை மீட்கக் கேட்டதற்காக 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு, இப்போது யார் கையில், அதில் என்ன பயிர் நிற்கிறது என்று ஊர்வாரியாக அரசு வெளியிடட்டும். குத்தகைக்குப் பயிர் செய்பவர், நிலக்காரர் கையெழுத்து இல்லாமலேயே, ஊராரின் சாட்சியில் அந்தப் பருவத்துக்கான அடங்கல் வாங்கவும், அதை வைத்துக் கடன் எடுக்கவும் நெல் போடவும் வழி செய்யட்டும். ரேஷனுக்கு வாங்கும் எண்ணெயில் ஒரு பங்கு நம் மாவட்டங்களின் கடலையாக இருக்கட்டும், அதைத் தலித் பெண்களின் கூட்டுக் குத்தகைக் குழுக்களிடமிருந்து முதலில் வாங்கட்டும். விதைப்பு மாதத்தில் வேலையை நிறுத்தி வைக்கும் அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு வெளியிடக் கூடாது. ஆதரவு விலைக்குச் சட்டம் கேட்டு அடுத்த கூட்டம் நடக்கும்போது நாமும் போவோம். இந்தக் கோரிக்கைகளும் அதே துண்டறிக்கையில் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போவோம்.